பாதிப் பாய்

பாபகூரா புறநகர் ரயிலில், விரி என்ற பகுதியில் கிடங்கு வேலை முடித்து வந்த, இந்த நாட்டில் குடியேறிய இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள் என் எதிரே இருந்தார்கள்.

"கிடங்கில யூசுப் இண்டைக்கும் பாதிப் பாயை வெறுமையா விட்டுட்டுத்தான் தொழுதவர், அக்கா."

"ஆருக்கு?"

"அப்திக்கு. ரெண்டு பேரும் சோமாலியா. வேற வேற குலம், ஆனா இஞ்ச ஒரே பாயிலதான் தொழுவினம்."

"அங்க சமாதானம் எண்டு சொன்னாங்களே?"

"வெளிநாட்டுக்காரர் ரெண்டு குலத்தாரையும் தங்கட நாட்டு ஓட்டலுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினவை. ஊர்ப் பெரியாக்களை ஒருத்தரும் கேக்கேல்லை."

"எங்கட பேச்சுவார்த்தையும் ஓட்டலிலதானே நடந்தது."

மூத்தவள் சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்தி எங்க?"

"வேலைக்கு வாறேல்லை. ஊரில அவற்ர தம்பியைச் சுட்டுப்போட்டினம். யூசுப்பின்ர குலத்து ஆக்கள்தான்."