இருபது கிலோவுக்குள் ஒரு கடல்

— ஆடாம நில்லுங்க... ஆடினா எடை மெஷின் முள்ளும் சேந்து ஆடுது.

— பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எப்படிடி ஆடாம நிக்கிறது? சீக்கிரம் பாரு, கை விட்டுப் போகுது.

— எண்பத்தெட்டு. அதுல உங்க எடை அறுபத்தஞ்சைக் கழிச்சா... பெட்டி இருபத்திமூணு. ஒரு பெட்டிக்கு இருபதுதான் விடுவாங்க, மூணு கிலோ அதிகம்.

— என் எடை அறுபத்தொன்பது. அப்படின்னா பெட்டி பத்தொன்பது. முடிஞ்சுது, பூட்டு.

— அது பழைய கணக்கு. இப்பதானே வெறுங்கையோட ஏறி நின்னீங்க? அறுபத்தஞ்சு. நாலு கிலோ எங்கே போச்சு?

— அதான் மூணு மாசமா காலையில வாக்கிங் போறேன்ல.

— ம்... வாக்கிங்.

— என்ன 'ம்'?

— ஒண்ணுமில்ல. கீழ வைங்க, முதுகு பிடிச்சுக்கப் போகுது. மொத்தத்தையும் கட்டில்ல கொட்டுவோம். நாலு நாள் தீவுக்குப் போறதுக்கு இருபத்திமூணு கிலோவா? வீட்டையே காலி பண்ணிட்டுப் போற மாதிரி இருக்கு.

— யாரு காலி பண்றது? இந்த டப்பாவைத் தூக்கிப் பாரு. பாதிப் பாரம் இதுதான்.

— அது மருந்து டப்பா. அதுல கை வைக்காதீங்க.

— பஞ்சு, பேண்டேஜ், கத்தரி, காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை... அடடா, பிரஷர் பாக்குற மெஷின்! ஏம்மா, நாம கடற்கரைக்குப் போறோமா, இல்ல மருத்துவ முகாம் போடப் போறோமா?

— இருபத்தஞ்சு வருஷம் நர்ஸா உழைச்சதுக்குத்தான் ஆஸ்பத்திரியில இந்த ரெண்டு டிக்கெட்டையும் குடுத்தாங்க. நர்ஸ் வந்தா நர்ஸோட டப்பாவும் வரும்.

— அங்க டாக்டர் இருக்க மாட்டாங்களா?

— இருப்பாங்க. ஆனா உங்களை அவங்களுக்குத் தெரியாதே! விரல்ல முள்ளு ஏறினா மூணு நாள் போத்திக்கிட்டுப் படுக்கிற ஆளுன்னு யாரு சொல்றது?

— சரி, சரி. பிரஷர் மெஷினையாவது எடு. உன்னைப் பாத்தாலே எனக்கு எகிறிடும், அதை மெஷின் வேற சொல்லணுமா?

— ...எடுத்தாச்சு. இப்ப உங்க பக்கம். இது என்ன, துண்டுக்குள்ள கனமா... அட கடவுளே. இஸ்திரிப் பெட்டி!

— சட்டை கசங்கிப் போச்சுன்னா?

— மணல்ல உருளப் போற சட்டைக்கு இஸ்திரி. நல்லா இருக்குங்க நியாயம். எடுத்து அந்தப் பக்கம் வைங்க. அடுத்து, கண்ணாடிக் கூடு. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறா? இருக்கிறதே ரெண்டு கண்ணு.

— கண்ணாடிக் கடை வச்சிருக்கிறவன் ஒத்தைக் கண்ணாடியோட போனா யாராவது மதிப்பாங்களா? இது படிக்க. இது தூரத்துக்கு. இது வெயிலுக்கு. இது வெயில்ல படிக்க...

— இது?

— வெயில் கண்ணாடி தொலைஞ்சு போனா போட்டுக்க.

— அந்தச் சிவப்புக் கூடு?

— அது உனக்கு.

— ...எனக்கா?

— உன் பவர் போட்டு நானே பண்ணினது. கடல் வெளிச்சம் ரொம்பக் கூசும். போட்டுப் பாரேன்.

— அய்யய்யோ... யாரோ மாதிரி இருக்கேன்.

— அழகா இருக்கே. கழட்டாதே, அப்படியே இரு.

— ஐஸ் வச்சது போதும். இதுவும் உங்களோடது ரெண்டும் வரட்டும், மிச்சம் மூணும் வீட்டைக் காவல் காக்கட்டும். மக அனுப்பின லிஸ்ட்டை எடுத்துப் படிங்க.

— இரு, படிக்கிற கண்ணாடி எங்கே... ஆங். தொப்பி?

— ரெண்டு வச்சாச்சு.

— வெயில் கிரீம்?

— பெரிய டியூப்பா வச்சாச்சு.

— கொசு விரட்டி, ரப்பர் செருப்பு, மெல்லிசு பருத்தித் துணி...

— எல்லாம் இருக்கு.

— ஈரத்துணி போட ஒரு தனிப் பை?

— அது எதுக்குங்க? தண்ணியில இறங்கினாத்தானே துணி ஈரமாகும்?

— இல்ல... லிஸ்ட்ல மக போட்டிருக்கா. வச்சுக்குவோமே. ஒரு பை என்ன கனக்கப் போகுது?

— சரி, வச்சுக்குவோம். அடுத்து?

— நீச்சல் உடை.

— அதை விடுங்க. அதுக்கு அடுத்தது?

— நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். அடுத்தது... டார்ச் லைட்.

— டார்ச் இருக்கு. இருங்க, உங்க சாக்ஸுக்குள்ள என்னமோ உருண்டையா...

— அதைத் தொடாதே!

— ...நீச்சல் கண்ணாடி!

— அது... கஸ்டமரோடது. பவர் போட்டுத் தரச் சொன்னாரு. அவசரத்துல தவறிப் பெட்டிக்குள்ள விழுந்திருக்கும்.

— தவறி விழுந்து, சாக்ஸைத் தேடிப் போய் உள்ள படுத்துக்கிச்சா? ஸ்டிக்கரைக் கூட இன்னும் கிழிக்கலை. வலது மைனஸ் நாலரை, இடது மைனஸ் மூணே முக்கால். இது யாரு பவர்னு எனக்குத் தெரியாதா?

— அந்த மனுஷனுக்கும் அச்சு அசல் அதே பவர். ஆச்சரியமா இருக்குல்ல?

— ரொம்ப ஆச்சரியம். அந்த மனுஷன் பேரு?

— பேரா... பேரு வந்து...

— முழிக்காதீங்க. இப்படி உக்காருங்க.

— சொன்னா சிரிக்கக் கூடாது.

— சிரிக்கலை.

— நான் வாக்கிங்கே போறதில்ல. நீச்சல் குளத்துக்குப் போறேன். காலையில அஞ்சரை மணி பேட்ச்.

— ...

— பாத்தியா, சிரிக்கிறே!

— தும்மல்ங்க. நீங்க சொல்லுங்க.

— அந்தப் பேட்ச்ல மீசை வச்சவன் நான் ஒருத்தன்தான். மிச்சமெல்லாம் எட்டு வயசு, ஒன்பது வயசு வாண்டுங்க. எனக்கு 'கம்பி அங்கிள்'னு பேரு வச்சிருக்குதுங்க.

— கம்பியா?

— ஓரத்துல ஒரு கம்பி இருக்கும். முதல் மாசம் பூரா அதை விடவே இல்ல. அதைப் பிடிச்சுக்கிட்டே காலை உதைக்கிறது. 'சார், குளம் நகந்தாலும் நகரும், நீங்க நகர மாட்டீங்க'ன்னு மாஸ்டரே சொல்லிட்டாரு.

— இப்ப நகருறீங்களா?

— இப்ப குறுக்க போயிடுவேன். நீளவாக்குல இல்ல, குறுக்க. நடுவுல ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கணும், அவ்வளவுதான்.

— இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்? தண்ணின்னா பத்தடி தள்ளி நிக்கிற ஆளு நீங்க.

— அதனாலதான்.

— எதனால?

— ...உனக்கே தெரியும்.

— நீங்க சொல்லி நான் கேட்டதில்லையே. சொல்லுங்க.

— கல்யாணமான புதுசுல கடலுக்குப் போனோமே...

— ம்.

— முழங்கால் தண்ணியிலதான் நின்னே. திரும்பி என்னைக் கூப்பிட்டே. பெரிய அலை ஒண்ணு வந்துச்சு... அப்புறம் உன்னைக் காணோம். ஒரு கை மட்டும் தெரிஞ்சுது. நான் கரையிலயே நிக்கிறேன். கால் எழும்பலை. கத்தணும்னு கூடத் தோணலை. பலூன் வித்துட்டிருந்தானே ஒருத்தன், அவன்தான் அத்தனையையும் விட்டுட்டு ஓடிப் போய் உன்னை இழுத்துட்டு வந்தான்.

— பலூனெல்லாம் மேல போயிடுச்சு. எனக்கு அதுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தா வானம் பூரா கலர் கலரா...

— உனக்கு பலூன் ஞாபகம். எனக்கு இருபத்தாறு வருஷமா அந்தக் கைதான் ஞாபகம். அது கூடப் பரவாயில்ல. வீட்டுக்கு வந்து எங்க அம்மாகிட்ட, உங்க அண்ணன்கிட்ட, அத்தனை பேர்கிட்டயும் 'இவர்தான் குதிச்சுக் காப்பாத்தினாரு'ன்னு சொன்னே பாரு...

— பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க?

— உங்க அண்ணன் இன்னிக்கும் என்னைக் கண்டா எழுந்து நிக்கிறாருடி! ஒவ்வொரு தடவையும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கும்.

— நிக்கட்டும். வேற யாருக்கும் எழுந்திரிக்காத மனுஷன். முட்டிக்கு நல்லதுதானே.

— விளையாடாதேம்மா.

— ...சரி. விளையாடலை.

— உனக்குக் கடல்னா உசிரு. எனக்காகத்தானே இத்தனை வருஷமா மலை, காடு, கோட்டைன்னு சுத்தினோம்? ஒரு ஏரி இருந்தா அந்த ஊரையே நீ லிஸ்ட்ல இருந்து அடிச்சுடுவே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இந்த டிக்கெட் கைக்கு வந்த அன்னிக்கும் நீ டிக்கெட்டைப் பாக்கலை, என் மூஞ்சியைப் பாத்தே. 'வேண்டாம்னா விட்டுடலாங்க'ன்னே. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். மறுபடி ஒரு அலை வந்தா வரட்டும். இந்தத் தடவை நான் கரையில நிக்க மாட்டேன். என்ன, கண்ணாடியைத் தூக்கித் துடைக்கிறே?

— புதுக் கண்ணாடிங்க. பவர் சரியில்ல போல.

— என் கடைப் பவர் தப்பாகாது. அழறியா?

— இல்லைங்க... சந்தோஷமாத்தான் இருக்கேன். அந்த நீச்சல் கண்ணாடியைக் கொண்டாங்க, துண்டுல நல்லாச் சுத்தி வைக்கிறேன். கீறல் விழுந்துடப் போகுது.

— அப்ப அது வரலாமா?

— வரலாம். ஆனா நான் சொல்றதைக் கேக்கணும்.

— சொல்லு.

— வீராப்பா ஆழத்துக்குப் போகக் கூடாது. முதல் நாள் இடுப்பளவோட நிறுத்திக்கணும். கடல்ல பிடிக்கக் கம்பி கிடையாது. அப்புறம், நீங்க காலை மட்டும் போட்டு உதைக்கிறீங்க, கையை நீட்டிப் போடுறதே இல்ல. நாலு தடவைக்கு ஒரு தடவை தலையை வேற மேல தூக்கிப் பாக்குறீங்க. அதான் பாதியிலயே மூச்சு வாங்குது.

— சரி... கையை நீட்டி... இரு. இரு, இரு. நான் தலையைத் தூக்குறது உனக்கு எப்படித் தெரியும்? மாஸ்டர் சொன்னாரா? அவரை உனக்குத் தெரியுமா?

— தெரியும்.

— எப்படி? அந்தக் குளத்துப் பக்கமே நீ போனதில்லையே. எனக்கு அப்புறம் ஆறரைக்கு லேடீஸ் பேட்ச்தான்... உனக்குத்தான் மூணு மாசமா மார்னிங் டியூட்டி. ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிடுறே... ஏய். எங்கே கிளம்பிடுறே நீ?

— எட்டரைக்குத்தாங்க எனக்கு டியூட்டி. டிக்கெட் வந்த அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பாத்தேன்ல? இந்த மனுஷன் இன்னொரு தடவை கரையில நின்னு தவிக்கக் கூடாது, எனக்கு எதுவும் ஆகாதுன்னு இவருக்கு நம்பிக்கை வரணும்னு, மறுநாளே போய்ப் பேர் எழுதினேன். ரிஜிஸ்டர்ல எனக்கு மேல் வரியில உங்க பேரு. அன்னியிலேர்ந்து தினமும் உடை மாத்துற ரூம் ஜன்னல்ல நின்னு உங்களைப் பாத்துட்டு, நீங்க தலை துவட்டி வெளிய போன பிறகுதான் நான் தண்ணியில இறங்குறேன். கம்பியை விட்டுட்டு முதல் தடவையா அந்தக் கரை வரைக்கும் போனீங்களே... அன்னிக்கு லேடீஸ் பேட்ச் மொத்தமும் ஜன்னல்ல நின்னு கை தட்டினோங்க. உங்க காதுல தண்ணி போல, திரும்பியே பாக்கலை.