டிக் போடாத பதினேழாவது வரி

பெயர் லோ. ரோஹிணி. வயது 27. தகப்பனார் பெயர் லோகநாதன். முகவரி பழைய பெருங்களத்தூர், பெருமாள் கோயில் பின்தெரு. தொழில் காட்டாங்குளத்தூரில் உள்ள தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் உதவி நூலகர். நாள் 09.07.2025, முற்பகல்.

நான் மேற்கண்ட முகவரியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி காவல் உதவி ஆய்வாளர் கீதா அவர்கள் கேட்டார். அதற்கு முன் 08.06.2025 அன்று நான் சொல்லாத ஒன்றை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். சொல்லாததை எப்படி எழுதுவது என்று அவர் கேட்டார், பிறகு எழுதிக்கொண்டார். சூர்யா என்பவரின் காரில் சாவியைத் திருப்பியபோது மீட்டரில் எரிய வேண்டிய விளக்குகளில் ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவில்லை. அதை நான் சூர்யாவிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நான் இந்த வருடம் மார்ச் மாதத்திலிருந்து பழைய கார் ஒன்று வாங்கத் தேடிக்கொண்டிருந்தேன். டர்போ இன்ஜின் உள்ள, கையால் கியர் போடும் சின்ன கார்தான் வேண்டும் என்று இருந்தேன். அதற்குக் காரணம் கேட்கப்பட்டது. எனக்கு வேகமாக ஓட்டப் பிடிக்கும் என்பதுதான் காரணம், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கார் தேடியதும் வீட்டில் தெரியாது. இந்த மாதிரி வண்டிகளை முதலில் வைத்திருந்தவர்கள் விரட்டி ஓட்டியிருப்பார்கள் என்பதால், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மூன்று மாதம் படித்து, இருபத்திரண்டு வரிகளில் ஒரு தாளில் எழுதி வைத்தேன். என் பொருள் எதிலும் பெயரும் கைபேசி எண்ணும் எழுதுவது என் பழக்கம். அந்தத் தாளின் மேலேயும் எழுதியிருந்தேன்.

அதன் பிறகு விளம்பரம் பார்த்து, 08.06.2025 ஞாயிறு காலை ஏழரை மணிக்குச் சேலையூரில் சூர்யாவின் வீட்டுக்குத் தனியாகச் சென்றேன். நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். சென்றவுடன் பேனட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன்.

"என்னங்க, ஜுரம் இருக்கான்னு பாக்குறீங்களா?" என்று சூர்யா கேட்டார். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம் என்று சொன்னேன். "போலீஸ்ல வேலையா?" என்று கேட்டுச் சிரித்தார். அவருடைய தாயார் சந்திரிகா வாசலில் நின்று, "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ பாக்கலம்மா" என்றார்.

அதன் பிறகு இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், பின்னால் ஸ்டெப்னி வைக்கும் குழியில் துருவோ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று பார்த்தேன், டயர் நான்கிலும் தயாரித்த வாரமும் வருடமும் பார்த்தேன், கைபிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டேன், இன்ஜின் உடனே நின்றது, அதனால் கிளட்ச் தேயவில்லை என்று அறிந்தேன். அதன் பிறகு சூர்யா பக்கத்தில் உட்கார, வேளச்சேரி சாலையில் கேம்ப் ரோடு வரை ஓட்டினேன். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது உறுத்தல் இல்லை. டர்போ பிடித்துக்கொள்ளும் இடத்தில் இழுப்பு சீராக இருந்தது. நான் ஓட்டிப் பார்த்த ஐந்து வண்டிகளில் இதுதான் நல்ல வண்டி என்று அப்போது நினைத்தேன். நண்பரிடம் இரவல் வாங்கிய, வண்டியின் கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன், குறை எதுவும் காட்டவில்லை. அந்த ஸ்கேனர் இன்ஜினை மட்டுமே படிக்கும், ஏர்பேக்கைப் படிக்காது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

பார்க்கப் பார்க்க ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டு வந்தேன். பதினேழாவது வரியில் ஏர்பேக்கைக் குறிக்கும் எஸ்.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தை மட்டும் எழுதியிருந்தேன். சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கிறார்கள், ஏர்பேக் ஒருமுறை வெடித்து மறுபடி வைக்கப்படாமல் இருக்கலாம் என்று படித்திருந்தேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டு முறை சாவியைத் திருப்பினேன். எரியவில்லை. எதிர்வெயில் மீட்டரின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை திருப்புவதற்குள் சந்திரிகா அம்மாள் ஜன்னல் வழியாகக் காபி டம்ளரை நீட்டினார். நான் தாளைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

சூர்யா தெரிந்தேதான் விற்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று, அவர் தாயார் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்று சொல்வது எப்படி என்று தெரியவில்லை. அதனால், "வீட்ல ஆட்டோமேட்டிக்தான் வேணும்ங்கறாங்க, கேட்டுட்டு சொல்றேங்க" என்று சொன்னேன். அது பொய். அதற்கு முன்னால் "வண்டி நல்லா இருக்கு" என்றும் நான் சொன்னதாக சூர்யா கூறுகிறார். சொன்னேனா என்று எனக்கு நிச்சயமாக நினைவில்லை. சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். கடையில் வேண்டாம் என்று நினைக்கும் புடவையையும் நல்லா இருக்கு என்று சொல்லித்தான் மடித்துக் கொடுக்கிறோம்.

அதன் பிறகு மின்சார ரயிலில் வீட்டுக்கு வந்துவிட்டேன். தாளை விட்டுவிட்டு வந்தது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. அதற்காக ஃபோன் செய்யத் தயக்கமாக இருந்ததால் செய்யவில்லை.

12.06.2025 வியாழன் அன்று நூலகத்தில் பணியில் இருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. தெரியாத எண்ணை நான் எடுப்பதில்லை. அதன் பிறகு அதே எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அதை உதவி ஆய்வாளர் அவர்களிடம் போட்டுக் காட்டினேன். அதில் உள்ளது வருமாறு:

"அக்கா, கோவளத்துலேந்து ஜெயஸ்ரீ பேசறேன். அந்த சேலையூர் காரு நாங்க பாத்துகினு கீறோம். உங்க பேப்பர அந்த அண்ணா குடுத்தாரு, ஒரு பொண்ணு ரெண்டு மணி நேரம் செக் பண்ணிச்சு, வூட்ல வேணான்ட்டாங்கோ, அதான் எடுக்கலன்னாரு. எங்க வூட்டுக்காரு மீன்புடி போட்டு மோட்டாரு மெக்கானிக்கு. காத வெச்சு கேட்டுட்டு இன்ஜினு சூப்பரா கீதுன்றாரு. பதினேழாவதுக்கு மட்டும் நீங்க டிக் போடலக்கா. அது இன்னா? அத்த மட்டும் சொல்லுங்க, போதும்."

நான் இதைக் காதில் வைத்து இரண்டு முறை கேட்டேன். அதன் பிறகு, "ஏர்பேக் விளக்கு எரியவில்லை, காட்டிப் பாருங்கள்" என்று டைப் செய்தேன். அனுப்புவதற்கு முன், வெயிலில் எனக்குத்தான் தெரியாமல் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. தவறாக இருந்தால் ஒருவருடைய வியாபாரத்தைக் கெடுத்தவள் ஆவேன், சரியாக இருந்தால் நான்தான் சொன்னேன் என்று சூர்யாவுக்குத் தெரிந்துவிடும், என் எண் அவரிடம் இருக்கிறது என்று நினைத்தேன். அழித்துவிட்டு, "மெக்கானிக்கிடம் காட்டுங்கள்" என்று டைப் செய்தேன். அவர் கணவரே மெக்கானிக் என்பது நினைவு வந்து அதையும் அழித்தேன். மூன்றாவது முறை முதலில் எழுதியதையே மறுபடி எழுதினேன். அப்போது மாணவர்கள் இருவர் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். கைபேசியை மேசை இழுப்பறையில் வைத்தேன். மாலையில் எடுத்தபோது, இந்நேரம் சூர்யாவே சொல்லியிருப்பார் என்று நினைத்து அதையும் அழித்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்தவை எனக்கு நேரடியாகத் தெரியாது, இங்கே அறிந்தவை. 14.06.2025 அன்று ஜெயஸ்ரீயின் கணவர் மோகன்ராஜ் அந்தக் காரை வாங்கினார். 03.07.2025 காலை ஒன்பது மணியளவில் வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில், முன்னால் திடீரென்று நின்ற லாரியின் பின்புறத்தில் மோதினார். சீட் பெல்ட் போட்டிருந்தார். ஏர்பேக் விரியவில்லை. முகம் ஸ்டீயரிங்கில் மோதியது. காரில் என் பெயரும் எண்ணும் உள்ள தாள் கிடந்ததால் நேற்று எனக்கு ஃபோன் வந்தது. அந்தத் தாள் இன்று என்னிடம் காட்டப்பட்டது. அது என் கையெழுத்துதான். பதினேழைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார்கள். அது நான் போட்டதல்ல.

மோட்டார் வாகன ஆய்வாளர் பிரித்துப் பார்த்ததில், மீட்டருக்குள் அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததாகவும், ஸ்டீயரிங் மூடிக்குள் ஏர்பேக்கே இல்லை என்றும் தெரிவிக்கப்பட்டது. சூர்யா அந்த வண்டியின் மூன்றாவது உரிமையாளர். அவருக்கு முன்னால் இருந்த இருவரில் யார் அப்படிச் செய்தது என்று இன்னும் தெரியவில்லை.

இன்று நிலையத்தில் சூர்யாவைப் பார்த்தேன். அவர் கோபமாகப் பேசவில்லை. "எனக்கே தெரியாதுங்க. ரெண்டு வருஷமா அம்மாவ முன்சீட்ல உக்கார வெச்சு ஓட்டிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விளம்பரத்தையே எடுத்திருப்பேனே" என்றார். அவர் சொல்வது உண்மை என்று இப்போது நம்புகிறேன். அன்று அவரைப் பற்றி நான் நினைத்தது எதை வைத்து என்று யோசித்துப் பார்த்தேன். அப்படி நினைப்பதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இருக்கவில்லை. இருபத்தோரு விஷயங்களைத் தொட்டும் ஓட்டியும் சரிபார்த்த நான், அவரிடம் மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"வேணாம்னா, இதுக்காக வேணாம்னு சொல்லிட்டுப் போறதுக்கு என்னம்மா?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். நான் சாட்சியா, வேறு ஏதாவதா என்று கேட்டேன். சாட்சி என்றார். ஏர்பேக் இருந்திருந்தால் அந்த அடி பட்டிருக்காதா என்றும் கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நான் அந்த விளக்கைச் சரியாகப் பார்த்தேனா என்ற சந்தேகம் 12.06.2025 அன்று எனக்கு இருந்தது. இன்று இல்லை. ஆனால் மற்ற எதிலும் எனக்குத் தெளிவு இல்லை.

ஜெயஸ்ரீயும் காகிதங்களில் கையெழுத்துப் போட வந்திருந்தார். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். கணவரின் வலது கண் பிழைக்குமா என்று டாக்டர்கள் இன்று மாலை சொல்வார்கள் என்றார். அதன் பிறகு பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, "அன்னிக்கு ரொம்ப நேரம் டைப் பண்றீங்கன்னு காட்டுச்சுக்கா. அவுரும் நானும் போனையே பாத்துகினு இருந்தோம். ரெண்டு நாளு பாத்தோம். இன்னா டைப் பண்ணீங்க?" என்று கேட்டார். நான் டைப் செய்ததை அப்படியே சொன்னேன்.

"அவ்ளோதானா?" என்று ஜெயஸ்ரீ கேட்டார். பிறகு, "அத்த அனுப்ப எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார்.

இதுவரை கூறியவை நான் பார்த்ததும் செய்ததும் செய்யாமல் விட்டதும் ஆகும். யாரும் சொல்லச் சொல்லிச் சொன்னதல்ல. எழுதியதை நானே படித்துப் பார்த்தேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) லோ. ரோஹிணி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) கீதா, உதவி ஆய்வாளர்

சேர்க்கை, 10.07.2025: மேற்படி மோகன்ராஜின் வலது கண் நேற்று மாலை ஐந்தரை மணிக்கு அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டது.