உள்ளங்கைச் சூடு

என் கை எப்போதும் கொஞ்சம் சூடாகவே இருக்கும் ஐயா. வியாபாரிக்கு அது நல்லது; கை குலுக்கியதுமே வாங்க வந்தவர் பாதி இளகிவிடுவார்.

அந்த ஜெல்லைக் கண்டுபிடித்தவள் என் தங்கை. நூற்றில் தொண்ணூறு தண்ணீர்தான். மீதி மூலக்கூறுகள் கல்யாணம் காட்சி இல்லாமல் சும்மா கை கோத்து நிற்கும். உடம்பு முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் கையை விட்டுவிடும். ஜெல் உருகி, உள்ளிருக்கும் மருந்து புண்ணில் இறங்கும். அறுவை செய்த புண் சீழ்பிடித்துக் காய்ச்சல் வந்தால்தான் மருந்து, இல்லையென்றால் இல்லை. படித்தவள் அல்லவா, அப்படித்தான் யோசிப்பாள்.

விற்க வேண்டியவன் நான். ஆஸ்பத்திரிக்குக் கொள்முதல் செய்கிறவர் உள்ளங்கையில் வைத்தேன். அசையவில்லை. "என்னங்க இது, களிமண்ணு மாதிரி கிடக்கு" என்றார். அவருக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்க முடியுமா? தங்கைக்குத் தெரியாமல் கலவை போடுகிறவரைப் பிடித்து, மாதிரிக்கு மட்டும், கை கோக்க வைக்கும் பொருளைப் பாதியாகக் குறைத்தேன். அடுத்த முறை உள்ளங்கையில் வழிந்தோடியது. மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார்.

சரக்கு போனதும் வந்தது வினை. மாதிரி உருகியது, இது உருகவில்லை, போலி என்று பெட்டி பெட்டியாகத் திருப்பிவிட்டார்கள். மாதிரி ஒன்று, சரக்கு வேறு என்றால் அது ஏமாற்று. நான் ஒருநாளும் செய்யாத வேலை அது. எல்லாச் சரக்கையும் மாதிரி போலவே போடச் சொன்னேன்.

காய்ச்சல் இல்லாத உடம்புச் சூட்டிலேயே உருகி, கட்டுப் போட்ட ஒரு மணி நேரத்தில் மருந்தெல்லாம் பஞ்சோடு போய்விடும் என்று தெரியும். ஆனால் எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லையே. செத்தவர்கள் பத்தொன்பது என்கிறீர்கள். நான் பதினான்கு என்று நினைத்திருந்தேன். சரி, உங்கள் பேச்சே இருக்கட்டும்.

பிறகு தங்கைக்கே குடல்வால் அறுவை. தன் ஜெல்லைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல். டாக்டர் வேறு மருந்து ஏற்றப் போனபோது அவளே தடுத்தாள்.

"இனிமேதான் டாக்டர் அது வேலையக் காட்டும்" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "என்னண்ணா பேசாம இருக்க? ஊரெல்லாம் இதப் பத்தி வாய் ஓயாம பேசுவியே."

"நீ சொன்னா சரிதான்மா" என்றேன். டாக்டர் எங்கள் சரக்கை வாங்குகிறவர். அவர் எதிரில் அதைக் குறை சொல்ல வாய் வருமா?

இரண்டு நாள் அவள் கையைப் பிடித்தபடியே இருந்தேன். என் கையைவிடச் சூடாக இருந்தது. அப்புறம் இல்லை.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் கைப்பற்றிய டப்பா மேசைமேல்தானே இருக்கிறது? திறந்து கொஞ்சம் உள்ளங்கையில் வையுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள்.

பார்த்தீர்களா? மாதிரியும் சரக்கும் ஒன்றுதான்.