எஸ்தர் ரீச்சர் விட்டுப்போன கதிரை

மேடையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மேடையில் இடம் கிடைக்காத வருத்தத்தோடு முன்வரிசையில் இருக்கும் மற்றப் பெரியோர்களே! ரண்டர்ஸ், விபோர்க் நகரங்களிலிருந்து வந்திருக்கும் உறவுகளே! மண்டபத்தின் பின்புறம் தேநீர்த் தட்டுகளோடு நிற்கும் பிள்ளைகளே! எல்லோருக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு இன்னொரு தடவையும் வணக்கம்.

எங்கள் எஸ்தர் ரீச்சரை, மறைந்த ஆசிரியை எஸ்தர் நத்தான்சனைப் பற்றி எனக்கு முன் ஆறு பேர் பேசினீர்கள். ஆறு பேரும் அறுபதைக் கடந்தவர்கள். அவரைத் தாய் என்றீர்கள், தெய்வம் என்றீர்கள், தமிழரின் உற்ற தோழி என்றீர்கள். உங்களில் எத்தனை பேர் அவருடைய வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது முழுமையாக இருந்தீர்கள்? கையை உயர்த்த வேண்டாம். விடை எனக்குத் தெரியும். ஒருவருமில்லை!

அவருடைய தம்பி மகன் யாக்கோப் கொப்பன்ஹேகனிலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு மணி நேரமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். தன் மாமியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நம்புகிறார். பாவம்! நீங்கள் உங்களைப் பற்றியல்லவா பேசினீர்கள்!

மேடையில் அவருடைய படத்துக்கு இவ்வளவு பெரிய மாலை போட்டிருக்கிறீர்களே, அவருடைய ஆட்களான யூதர்கள் கல்லறைக்குப் பூக் கொண்டுபோவது வழக்கமில்லை. ஒரு சிறு கல்லை வைத்துவிட்டு வருவார்கள். யாக்கோப்பிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது உங்களுக்கு வராதே! கேட்டால் தெரியாதவர் என்று ஆகிவிடுமே! எஸ்தர் ரீச்சர் சொல்லிக்கொடுத்ததோ, கேட்பது என்ற அந்த ஒன்றைத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அதாவது, இங்கிருக்கும் பெரும்பாலானவர்களுக்காக. டென்மார்க்கின் இந்த ஹோர்சன்ஸ் நகரில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றபின், இதே மண்டபத்தின் மேல்மாடி அறையில் அவர் ஒரு படிப்பு வட்டம் தொடங்கினார். இந்த யூட்லாந்துப் பகுதியில் யூதர்கள் அங்கொருவர் இங்கொருவர். ஓகூஸ் நகரிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளும் எழுபது வயதுக்காரர்களும் ஒரே ரயிலில் வந்து இறங்குவார்கள். தங்கள் பழைய நூல்களை வாசிப்பார்கள். தனியாகப் படிப்பது அவர்கள் வழக்கமில்லை. இருவர் எதிரெதிரே இருந்து, ஒரே பக்கத்தை உரக்க வாசித்து, சண்டை பிடித்துப் படிக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு ஆள் ஒன்று குறைந்தது. ஓகூஸ் பையன் ஒருவனுக்கு எதிரே யாருமில்லை. கீழே எங்கள் தமிழ்ப் பள்ளி முடியும்வரை நடைவழியில் காத்துக்கொண்டிருந்தார் எங்கள் எமிலியா. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். ரீச்சர் இறங்கி வந்து அவரைக் கூப்பிட்டார்.

"ஐயோ, நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். எனக்கு உதொண்டும் தெரியாது."

"தெரியாதவர்தான் எனக்கு வேண்டும்" என்றார் ரீச்சர். இருவரும் பேசியது டேனிஷில்தான்.

அன்று எமிலியா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அண்ணை, நாப்பத்தெட்டு வயசில முதல்தரம் ஒருத்தன் என்னட்ட, நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டிட்டு, நான் சொல்லுமட்டும் பேசாமல் இருந்தவன்."

அப்படித்தான் நாங்கள் அந்த அறைக்குள் போனோம். முதலில் பெரியவர்கள், பிறகு எங்கள் பிள்ளைகள். வாரத்துக்கு ஒருவர் தலைவர். தலைவருக்கு என்ன வேலை தெரியுமா? எல்லோரும் இருக்கக் கதிரை அடுக்குவது, கோப்பி ஊற்றுவது, ஒரு கேள்வி கேட்பது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தலைவருக்கு அனுமதி இல்லை! மேடையில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. விளங்கவைக்க எனக்கு நேரமும் இல்லை.

இன்னொரு ஒழுங்கு. அவர்களுடைய பழங்கால நீதிமன்றத்தில், ஓர் உயிர் சம்பந்தப்பட்ட வழக்கென்றால், நீதிபதிகளில் இளையவரே முதலில் அபிப்பிராயம் சொல்வாராம். பெரியவர் முதலில் வாய் திறந்தால், சிறியவர் பயந்து அதையே திருப்பிச் சொல்லிவிடுவார் அல்லவா? ரீச்சரின் அறையிலும் அதே ஒழுங்கு. வயதில் குறைந்தவர் முதலில். ரீச்சர் எப்போதும் கடைசியில்.

எனக்கு எதிரே எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி, சாரங்கி இருந்தாள். அப்போது பதினான்கு வயது. நான் இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவன். இங்கே களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன், அதை விடுங்கள். அன்றைய கேள்விக்கு அரை மணி நேரம் அவளுக்கு விளக்கம் கொடுத்தேன். "டெ பஸர் இக்க" என்றாள். சரியில்லையாம்! பிறகு தமிழில், "அங்கிள், நிறையச் சொன்னீங்கள். கேட்டதுக்கு மறுமொழி சொல்லேல்ல" என்றாள். எனக்குத் தலை கொதித்தது. ரீச்சர் வந்து நின்றார். "நல்லது. இப்போது அவள் சொன்னதை அவளைவிட நன்றாகச் சொல்லிக் காட்டுங்கள். பிறகு மறுத்துப் பேசுங்கள்" என்றார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் தவராஜா அவர்களின் சேவையை நான் குறிப்பிடாமல் விட்டால் அவர் மனம் நோகும். ஒரு ஞாயிறு வாழ்த்துரை வழங்கப் பொன்னாடையோடு மேலே வந்தார். ரீச்சர் கதிரை கொடுத்து, முறை வரும்வரை இருக்கச் சொன்னார். சாரங்கி பேசத் தொடங்கினாள். தலைவர் எழுந்தார்.

"என்ன, உந்தப் பெட்டை கதைச்சு முடியுமட்டும் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதோ? நான் ஆர் எண்டு இந்த மனுசிக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

போனார். பொன்னாடையும் போனது. இன்று படத்தின்மேல், மாலைக்குக் கீழே கிடக்கும் பொன்னாடை அதுதானா என்று தெரியவில்லை, நிறம் ஒன்றுதான்.

அடுத்த வாரம் ஊர் முழுக்க ஒரே கதை: யூத மனுசி பிள்ளைகளை மதம் மாற்றுகிறாவாம்! ரீச்சரிடம் சொன்னேன். சிரித்தார். "நாங்களா? தாங்களாகக் கேட்டு வருகிறவர்களையே மூன்று தரம் திருப்பி அனுப்புகிறவர்கள் நாங்கள். என் தம்பி மகனையே ஒரு ஞாயிறு இங்கே இருத்த என்னால் முடியவில்லை!"

ஆனாலும் பெற்றோர் பிள்ளைகளை மறித்தார்கள். சாரங்கியின் தாய் மட்டும் மறிக்கவில்லை. பிறகு ஒருநாள் அந்த அறைக் கதவில் யாரோ யூதர்களைப் பற்றிக் கேவலமாக எழுதிவிட்டுப் போனார்கள். எமிலியா வாளியும் துணியும் கொண்டுவந்து அழித்தார். சங்கம் என்ன செய்தது? ஒரு கண்டனம்? ஒரு வருத்தம்? பாதுகாப்புக் காரணம் காட்டி, அந்த அறையைத் தனக்கு மாற்றித் தரும்படி மண்டப நிர்வாகத்திடம் விண்ணப்பித்து வாங்கிக்கொண்டது! நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கள் கதவுகளிலும் இப்படி எழுதினார்களே, அதை அழித்த கைகள்தானே இந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டன! கடைசி ஆண்டு முழுவதும் எஸ்தர் ரீச்சர் நடைவழியில், குளிர்ச் சட்டை போட்டபடி படிப்பித்தார்.

இன்று வாசலில் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தீர்கள். 'எஸ்தர் நினைவுத் தலைமைத்துவப் பயிற்சி நெறி'. மேல்மாடி அறையில், ஞாயிறு பத்து மணிக்கு. விரிவுரையாளர், தலைவர் தவராஜா. முடிவில் சான்றிதழ். பயிற்சிக்கு வருகிறவர்கள் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றி வைக்க நடைவழியும் தேவையாம். ஆக, அவருடைய வட்டத்துக்கு நடைவழியும் இல்லை. அவருடைய பெயரை வைத்து அவருடைய படிப்பைத் துரத்துகிறீர்கள்!

ரீச்சரின் ஒழுங்கை நான் மீற மாட்டேன். தலைவரின் நியாயத்தை அவரைவிட நன்றாகச் சொல்கிறேன். அது கடினமான வேலையுமல்ல. எங்கள் பிள்ளைகள் ஏற்கனவே எங்களுக்கு டேனிஷில்தான் மறுமொழி சொல்கிறார்கள். இன்னொருவர் வீட்டில் கேள்வி கேட்கப் பழகினால், நாளை எங்கள் வீட்டிலும் கேட்பார்கள். எங்களிடம் விடை இருக்காது. பிள்ளைகள் போய்விடுவார்கள். இந்தப் பயம் பொய்யல்ல. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது மறுப்பு. தமிழ்ப் பள்ளியே வேண்டாம் என்று நின்றுவிட்ட சாரங்கி மீண்டும் எழுத்துக் கூட்டித் தமிழ் வாசித்தது எங்கே? ரீச்சரின் வட்டத்தில்! "உன் ஆட்களின் பழைய நூல் ஒன்றைக் கொண்டு வா. இனி நான் உன் எதிரே இருக்கிறேன்" என்றார் ரீச்சர். கடைசிவரை இருந்தார். எங்கள் பிள்ளையின் கையில் எங்கள் நூலைத் திரும்ப வைத்தவர் அந்த யூதப் பெண்மணி. நீங்கள் அந்தக் கையில் வைத்தது என்ன? தேநீர்த் தட்டு!

எஸ்தர் நத்தான்சன் மறைந்தார். அவருடைய வட்டம் மறையாது. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு, என் குடியிருப்பின் பொது அறையில் கூடுகிறோம். பக்கத்தில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் ஓடும். அவற்றைவிடச் சத்தமாகச் சண்டை பிடிப்போம். ஓகூஸ்காரர்கள் வருகிறார்கள். எமிலியா வருகிறார். யாக்கோப்பும் வருவதாகச் சொல்கிறார். அதைப் பார்க்க ரீச்சருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் ஒற்றைப்படையில் நிற்கிறோம். சாரங்கிக்கு எதிரே கதிரை வெறுமையாகக் கிடக்கிறது.

தவராஜா அண்ணை! உங்களை எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தெரியாதவர்தான் வேண்டும் என்பது ரீச்சரின் சொல். இந்த ஊரில் உங்களைவிடப் பொருத்தமானவரை நான் காணவில்லை. அந்தக் கதிரை உங்களுக்கு. சான்றிதழ் இல்லை, பொன்னாடை இல்லை, கோப்பி உண்டு. அந்தப் பெட்டை கதைத்து முடியுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் கூட்டம் எங்கே தொடங்கியிருக்க வேண்டுமோ, இனியாவது அங்கே தொடங்கட்டும். சாரங்கி, இஞ்ச மேடைக்கு வா, பிள்ளை. அந்தத் தட்டைத் தலைவரிட்டக் குடுத்திட்டு வா.