இரண்டாம் அருவிக்கு மேலே

நாடீன்: என் முழங்கைய விடு, டுவேன். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?

டுவேன்: ஈர எலை அண்ணி. மேப்பிள் எலை விழுந்துட்டா இந்தப் பாறை சோப்புக்கட்டி மாதிரி. போன வாரம்தான் ஒரு அம்மா...

நாடீன்: போன வாரம் ஒரு அம்மா, அதுக்கு முந்தி ஒரு தாத்தா. இந்தப் பூங்காவுல விழாம நடந்தவங்களே கிடையாதா?

டுவேன்: இருக்காங்க. அவங்களப் பத்தி யாரும் ரேஞ்சர்கிட்ட வந்து சொல்றதில்ல.

நாடீன்: இன்னிக்கு ஒரு நாள் பூங்கா வாலண்டியரா வராத. கொழுந்தனா வா.

டுவேன்: இப்படி வாங்க, வலது பக்கம்.

நாடீன்: தெரியும். மரத்துல மஞ்சப் புள்ளி இருக்கே. மஞ்சன்னா உள்ள போறோம், வெள்ளைன்னா திரும்பி கார்கிட்ட போறோம். நாப்பது வருஷத்துக்கு மேல இந்த வழியா வரேன், எனக்குப் பாடம் எடுக்கிறியா?

டுவேன்: வந்தீங்க, ஆனா மொத அருவி வரைக்கும்தான்.

நாடீன்: அதான் இன்னிக்கு ரெண்டாவதுக்குப் போறேன்.

டுவேன்: இப்பவும் சொல்றேன், போய்த்தான் ஆகணுமா? நடுவுல ஏணி இருக்கு. அதுக்கப்புறம் விளிம்புப் பாதை.

நாடீன்: வீட்ட வித்தாச்சு, வெள்ளிக்கிழமை சாவியக் குடுத்துடுவேன். சனிக்கிழமை என் மக டெனீஸ் வந்து என்னை அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. அங்க மரமே கிடையாதாம், கள்ளிதானாம். உங்கண்ணன் எங்க ரெண்டு பேரு பேரையும் வெட்டின பாறைய ஒரு தடவையாவது தொட்டுப் பாக்காம நான் கார்ல ஏற மாட்டேன்.

டுவேன்: சரி. சரி.

நாடீன்: என்ன சரி? மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?

டுவேன்: என் மூஞ்சியே இப்படித்தான் அண்ணி. பொறந்ததுலேர்ந்து.

நாடீன்: இந்தத் திருப்பத்துலதான் அவரு வருஷா வருஷம் நிப்பாரு. மூச்சு வாங்கும். ஆனா மூச்சு வாங்குதுன்னு சொல்ல மாட்டாரு. “நாடீன், அந்தப் பறவையப் பாரு”ம்பாரு.

டுவேன்: என்ன பறவை?

நாடீன்: பறவையே இருக்காது. நானும் அண்ணாந்து பாத்து, “ஆமா, அழகா இருக்கு”ன்னுவேன்.

டுவேன்: ரெண்டு பேரும் நல்ல ஜோடி.

நாடீன்: நல்லாத்தான் இருந்தோம், டுவேன். எனக்கு எப்பவும் அந்த ஆளு ஞாபகம்தான். அவரு போனதுக்கப்புறமும் காலையில காப்பிய ரெண்டு கப்புக்குத்தான் போடுறேன்.

டுவேன்: எனக்கும்தான். தூண்டில் போட உக்காந்தா பக்கத்துல எடம் விட்டு உக்காருறேன். கொஞ்சம் உக்காருவோமா? மொத அருவி வந்தாச்சு.

நாடீன்: இதே பெஞ்சுதான். நான் முட்டை சாண்ட்விச்சப் பிரிச்சு வச்சு, பிளாஸ்க்கத் திறந்து காப்பி ஊத்திட்டு இருப்பேன். அவரு அந்த ஏணில ஏறிப் போவாரு. “நம்ம பேரு பத்திரமா இருக்கான்னு பாத்துட்டு வந்துடுறேன்”னு. திரும்பி வந்து, “அப்படியே இருக்கு நாடீன், ஒரு எழுத்து அழியல”ம்பாரு. சிகரெட் நாத்தம் அடிக்கும். நான் ஒண்ணும் கேட்டுக்க மாட்டேன்.

டுவேன்: ஒரு தடவை கூட ஏறிப் பாக்கணும்னு தோணலையா?

நாடீன்: ஒயரம்னா எனக்கு ஆகாது, உனக்குத் தெரியாதா? அப்புறம் டெனீஸ் வயித்துல. அப்புறம் இடுப்புல. அப்புறம்... அவருதான் பாத்துட்டு வராரேன்னு விட்டுட்டேன்.

டுவேன்: மணல் பாறை அண்ணி. காத்துலயும் மழையிலயும் தேஞ்சு போகும். அதிகமா எதிர்பாக்காதீங்க.

நாடீன்: நீ பாத்திருக்கேன்னு போன்ல சொன்னியே.

டுவேன்: பாத்திருக்கேன். பாத்திருக்கேன்... தேஞ்சிருக்கலாம்னு சும்மா சொல்லி வச்சேன்.

நாடீன்: அப்ப எந்திரி. காப்பிய மேல போய்க் குடிப்போம்.

டுவேன்: நீங்க முன்னால ஏறுங்க, நான் கீழ நிக்கிறேன். கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. கீழ பாக்காதீங்க. அடுத்த கம்பி கொஞ்சம்...

நாடீன்: வழுக்கும். தெரியுது.

டுவேன்: பரவாயில்லையே. மளமளன்னு ஏறுறீங்க. ஒயரம் ஆகாதுன்னீங்க?

நாடீன்: இத்தனை வருஷம் மாடி ஜன்னல் தொடைக்க யாரு ஏறினா, உங்கண்ணனா? வாய மூடிட்டு ஏறி வா.

டுவேன்: இதோ... அப்பாடா. இனிமே பாறைச் சுவத்தோட ஒட்டி நடங்க. பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

நாடீன்: அங்க பாரு, யாரோ ஒரு இதயம் கிறுக்கி வச்சிருக்காங்க.

டுவேன்: போன மாசம். காலேஜ் பசங்க. கையும் களவுமாப் பிடிச்சு ரேஞ்சர்கிட்ட ஒப்படைச்சேன். எத்தனை ஆயிரம் வருஷம் தண்ணி ஓடி அறுத்த கல்லு இது... ஒரு நிமிஷத்துல கத்தியப் போட்டுட்டுப் போறான். எனக்கு வயிறு எரியுது.

நாடீன்: உன்னப் பாத்தாலே பசங்க ஓடுறாங்கன்னு கேள்விப்பட்டேன்.

டுவேன்: ஓடணும்.

நாடீன்: அருவி சத்தம் கேக்குது.

டுவேன்: ஆமா. இந்த வளைவு தாண்டினா அவ்வளவுதான். குனிஞ்சு வாங்க. அந்த ஓரத்துல... உங்க தலைக்குக் கொஞ்சம் மேல. பாத்தீங்களா?

நாடீன்: இரு. பேசாத. வென்டெல். நாடீன். கல்யாணமான வருஷம்... என் பேரு அவரு பேர விடப் பெருசா இருக்கு.

டுவேன்: அண்ணனுக்கு உங்க மேல அவ்வளவு ஆசை.

நாடீன்: எழுத்து ஓரமெல்லாம் கூரா இருக்கே.

டுவேன்: மேல பாறை நீட்டிட்டு இருக்கு பாருங்க. மழை படாது.

நாடீன்: சுத்தியும் பாசி. எழுத்துக்குள்ள மட்டும் சுத்தமா, மஞ்சளா...

டுவேன்: அது... சில கல்லு அப்படித்தான்.

நாடீன்: ஒருத்தன் நகத்தால சொரண்டினாலே சண்டைக்குப் போற ஆளு நீ. இத எப்படி விட்டு வச்ச?

டுவேன்: அண்ணன் வெட்டினதாச்சே. அதப் போய் எப்படி...

நாடீன்: எனக்கு அழுகை வருது, டுவேன்.

டுவேன்: அழுங்க. இங்க யாரும் இல்ல. அண்ணன் உங்ககிட்ட பொய் சொல்லலைன்னு கண்ணால பாத்தாச்சு. நிம்மதியாப் போங்க.

நாடீன்: உங்கண்ணன் இந்தப் பாறைய ஒரு நாளாவது பாத்திருக்காரா?

டுவேன்: என்னண்ணி இது, கண்ணு முன்னால இருக்கு...

நாடீன்: என்னைப் பாத்துச் சொல்லு.

டுவேன்: இல்ல. ஏணி வரைக்கும் சமாளிப்பாரு. இந்த விளிம்பக் கண்டா அவருக்கும் ஆகாது, ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாரு. அங்க புதர் மறைவுல உக்காந்து ஒரு சிகரெட் பிடிச்சுட்டு எறங்கிடுவாரு. கல்யாணமான புதுசுல உங்களச் சந்தோஷப்படுத்த ஒரு வார்த்தை சொல்லிட்டாரு, அப்புறம் பின்வாங்க முடியல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.

நாடீன்: அப்ப இத வெட்டினது?

டுவேன்: நான்தான். ஜூலையில, விடியக்காலம் வந்து... கல்லுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வெட்டினேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? பாசி இல்லாததப் பாத்தா?

நாடீன்: ஏப்ரல்ல நான் தனியா வந்தேன். உயிரக் கையில பிடிச்சுட்டு அந்த ஏணில ஏறினேன். இந்தச் சுவரு மொட்டையா இருந்துச்சு.

டுவேன்: ஏப்ரல்லயா? அப்ப “நீ அதப் பாத்திருக்கியா”ன்னு எனக்குப் போன் பண்ணிக் கேட்டீங்களே... ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சேதான் கேட்டீங்களா?

நாடீன்: பையில உங்கண்ணனோட சுத்தியலும் உளியும் கொண்டாந்திருந்தேன், டுவேன். அவரு சொன்னத நானே நிஜமாக்கிடலாம்னுதான் வந்தேன். உளியக் கல்லுல வச்சேன்... வெட்டக் கை வரல. என்கிட்ட “இல்ல”ன்னு சொல்ல உனக்கு மனசு வராது, எப்படியும் நீயே வந்து வெட்டிடுவேன்னு தெரியும், அதான் கீழ எறங்கினதும் உனக்குப் போன் போட்டேன்.