பாக்கெட் குழம்பு

காலை மின்சார ரயிலில், மீஞ்சூரில் ஏறிய இரண்டு பெண்கள் கம்பெனிச் சீருடையில் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி மற்றவளின் பையைத் தொட்டாள்.

"தொடாதடி, உள்ள குப்பைதான் கீது."

"குப்பைய எதுக்கு தூக்கிக்கினு வர?"

"எல்லாம் பாக்கெட் குழம்போட காலி கவரு. வெந்நீர்ல போட்டு எடுத்தா வேலை முடிஞ்சுது. ஊட்டாண்ட போட்டா அவரு பாத்துடுவாரு. 'எங்கம்மா மாதிரி அரைச்சு வச்சு சமைக்க முடிஞ்சா வேலைக்குப் போ, இல்லாட்டி நின்னுக்கோ'ன்னு சொல்லிக்கீறாரே."

"மாட்டுனா இன்னா பண்ணுவ?"

"நேத்து மாட்டிக்கினேன், மாமியாராண்ட. ஊர்லேர்ந்து வந்துக்கீறாங்க. நான் பாக்கெட்ட வெட்டிக்கினு நிக்கிறேன், நேரா உள்ள வந்துட்டாங்க."

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேலை போச்சுன்னே நெனச்சேன். அவங்க கதவச் சாத்திட்டு, 'நான் மட்டும் எங்க அரைச்சேன்? நாத்து நட்டுட்டு வந்து அரைக்க ஏது நேரம்? எல்லாம் கடைப் பொடிதான். இன்னி வரைக்கும் அவன் கண்டுபுடிக்கல'ன்றாங்க."

"அய்யோ! அப்புறம்?"

"ராத்திரி அவரு நல்லா சாப்ட்டுட்டு, 'அம்மா கை வச்சாத்தான் குழம்பே ருசிக்குது'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"அத்தைதான் சொன்னாங்க: 'வச்சது அவதாண்டா. அச்சு அசலா நான் வைக்கிற மாதிரியேதான் வைக்கிறா. பேசாம வேலைக்கு அனுப்பு.'"