காவல்காரன் கையைக் கட்டும் மாத்திரை

– வாயைத் திற.

– எதுக்குக்கா?

– திறடான்னா...

– ஆ...

– சீஸ்! ஃப்ரிட்ஜ்ல பின்னாடி ஒளிச்சு வச்ச பழைய சீஸ்!

– ஒரே ஒரு துண்டு.

– ரெண்டு.

– ...ரெண்டு. எண்ணி வச்சியா? மருந்துக்கடைக்காரி புத்தி எங்க போகும்!

– கையை நீட்டு. பிரஷர் பாக்கணும்.

– அட, மனச்சோர்வு மாத்திரை மூளைக்கு. சீஸ் வயித்துக்கு. மேல் வீட்டுக்காரனுக்கும் கீழ் வீட்டுக்காரனுக்கும் என்ன சண்டை?

– அந்த மாத்திரை ஒரு என்சைமைக் கட்டிப் போடுது. அது மூளையில மட்டுமா இருக்கு? குடல் சுவர்ல இருக்கு, ஈரல்ல இருக்கு, நுரையீரல்ல...

– பேசாம எங்க இல்லன்னு சொல்லிடு.

– ரத்தச் சிவப்பணுவுல இல்ல.

– அவனாவது பிழைச்சான்.

– இளிக்காத. பழைய சீஸ்ல ஒரு சரக்கு இருக்கு. குடல்லயும் ஈரல்லயும் நிக்கிற அந்த என்சைம் காவல்காரன் அதை வாசல்லயே உடைச்சுப் போட்டுடுவான். நீ மாத்திரையைப் போட்டு அவன் கையைக் கட்டிட்ட. சரக்கு நேரா ரத்தத்துல ஏறினா... பிரஷர் எகிறும், உயிருக்கே வினைடா.

– மூளையில இருக்கிறவனை மட்டும் கட்டுன்னு மாத்திரைகிட்ட சொல்றது!

– அதுக்கு விலாசம் பாக்கத் தெரியாது. ஆடாம உக்காரு.

– என்ன, மெஷின் ஊமையாயிடுச்சா?

– நார்மல்.

– பாத்தியா! சும்மா பூச்சாண்டி காட்டின.

– அதான்டா பயமா இருக்கு. மாத்திரை போட்டிருந்தா இந்நேரம் எகிறியிருக்கணுமே. எங்கடா போடுற மாத்திரையை?

– ...வாஷ்பேசின்ல.

– எப்பலேர்ந்து?

– போன மாசம்.

– ஏன்டா?

– அன்னிக்கு நீ சொன்னதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன்ல... சிரிச்சது நானா, மாத்திரையான்னு... தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு.

– தெரிஞ்சுதா?

– தூக்கம்தான் போச்சு.

– நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். நீயே சொல்ற, உன் வாயால.

– சரி.

– இன்னொண்ணு... கோவிச்சுக்காத. நீ தின்னது பழைய சீஸ் இல்ல. காலையில வாங்கின புதுசு. பழைய சீஸோட உறையில நான்தான் வச்சேன். நீ மாத்திரை போட்டிருந்தாலும் பிரஷர் ஏறியிருக்காது.

– அப்ப இவ்வளவு நேரம் என்னை மிரட்டினது?

– ராத்திரியெல்லாம் நீ நடக்கிற சத்தம் கேக்குதுடா. நேரா கேட்டா மழுப்புவ. அதான் கண்ணி வச்சேன்.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– முதல் துண்டுலயே பால் வாசனை. நீ வச்ச கண்ணின்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு. பின்ன ரெண்டாவதை எதுக்குத் தின்னேங்கிற? நானா சொல்ல வாய் வரலக்கா... நீ கேக்கணும்னுதான்.